வீட்டிலேயே கில்ட் தைக்க: இடுப்பை நோக்கி ஒடுங்கும் 24 மடிப்புகளுக்கான முழு வழிகாட்டி

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் பாவாடை போன்ற உடையான கில்ட்டை முன்னால் நின்று பார்த்தால் அதில் பெரிய தையல் வேலை இருப்பதாகவே தோன்றாது. தட்டையான துணி, ஓரத்தில் சிறு குஞ்சம், பக்கவாட்டில் பக்கிள்கள், அவ்வளவுதான். பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட மடிப்புகள் ஒரே அகலத்தில் அணிவகுத்து இறங்கும். சீட்டுக்கு, அதாவது பிட்டத்தின் பருத்த இடத்துக்கு, கீழே ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும். சீட்டுக்கு மேலே அத்தனையும் தைக்கப்பட்டு, இடுப்பை நெருங்க நெருங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கும். அந்த ஒடுக்கம்தான் கில்ட்டின் உயிர்.

மனித உடலில் சீட் அளவு பெரியது, இடுப்பு சிறியது. பேண்ட்டில் இந்த வித்தியாசத்தை இரண்டு டார்ட் (துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைப்பது) பிடித்துச் சமாளிப்பார்கள். கில்ட்டில் அப்படி ஓரிரு இடத்தில் பிடித்தால் பக்கத்து மடிப்புகள் கோணலாகி, கீழே வாய் பிளந்து நிற்கும். ஆகவே வித்தியாசம் முழுவதையும் எல்லா மடிப்புகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கைக் காகிதத்தில் சரியாகப் போட்டுவிட்டால், நேர்கோட்டில் தையல் ஓட்டத் தெரிந்த எவரும் கில்ட் தைக்கலாம். கணக்கில் சறுக்கினால் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பயன் இல்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் கணக்குக்கு இவ்வளவு இடம்.

இந்த உடை ஒரே நாளில் இப்படி உருவானதல்ல. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட் மக்கள் நீளமான கம்பளித் துணியைக் கையாலேயே மடித்து, இடுப்பில் பெல்ட் கட்டி, மீதியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் கீழ்ப்பாதி மட்டும் தனி உடையானது. ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற நடந்த ஜேக்கபைட் கிளர்ச்சிக்குப் பின் 1746இல் வந்த சட்டம் ஹைலேண்ட் உடையைத் தடை செய்தது. 1782இல்தான் அது நீக்கப்பட்டது. மடிப்புகளைத் தைத்தே வைக்கும் வழக்கம் அந்த நூற்றாண்டின் கடைசியில் பரவியது. ஆரம்பத்தில் அகலமான பெட்டி மடிப்புகள், சுமார் 4 கெஜம் துணி. 19ஆம் நூற்றாண்டில் ஒரே திசையில் சாயும் கத்தி மடிப்புகள் வந்தன, துணியும் கூடியது. இன்று முழு அளவு என்றால் 8 கெஜம். நம் ஒன்பது கெஜப் புடவைக்கு ஒன்றுதான் குறைவு. நாம் இங்கே தைக்கப்போவது 5 கெஜத்துக்குச் சற்றுக் குறைவான கில்ட். வீட்டுத் தையல் மெஷின் தாங்கும் கனத்துக்கு இது போதும், மடிப்பும் நன்றாகவே விழும்.

துணி

ஸ்காட்லாந்தின் கில்ட் தையற்காரர்கள் கெஜத்துக்கு 13 அல்லது 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளித் துணியைப் பயன்படுத்துகிறார்கள். 16 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 330 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). அந்தக் கனம்தான் மடிப்பைக் கீழே இழுத்து நேராக நிறுத்துகிறது. முதல் முயற்சிக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டாம். 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரையுள்ள காட்டன் டிரில், அல்லது சற்றுக் கனமான பாலியஸ்டர்-விஸ்கோஸ் சூட்டிங், ஒரே நிறத்தில் வாங்குங்கள். டிரில்லில் மடிப்பு கூர்மையாக நிற்கும், ஆனால் துவைக்கும்போதெல்லாம் மீண்டும் இஸ்திரி போட வேண்டும். சூட்டிங் அந்த வகையில் சுலபம். மெல்லிய பாப்ளின், ரேயான், வழுவழுப்பான எதுவும் வேண்டாம். கட்டம் போட்ட துணியும் முதலில் வேண்டாம். அதன் கணக்கே வேறு, கடைசியில் சொல்கிறேன்.

58 அல்லது 60 அங்குல அகலத்தில் இரண்டே முக்கால் மீட்டர் வாங்குங்கள். தேவை இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிகம், மீதி சுருங்குவதற்காக. வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுவது கட்டாயம். 24 மடிப்புகளைத் தைத்து முடித்த பிறகு துணி சுருங்கினால் சரிசெய்ய வழியே இல்லை. கம்பளியாக இருந்தால் நனைக்காமல் ஈரத் துணி விரித்து நீராவி இஸ்திரி கொடுத்தால் போதும்.

இவற்றோடு இடுப்புக்குக் கேன்வாஸ், உட்பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் காட்டன் லைனிங், ஒன்றேகால் அங்குல அகலத்தில் தோல் பட்டையுடன் கூடிய இரண்டு பக்கிள்கள், ஒரு பெரிய பட்டன், 14 அல்லது 16ஆம் நம்பர் ஊசி, நல்ல பாலியஸ்டர் நூல், தாராளமாகக் குண்டூசிகள் வேண்டும்.

அளவு எடுத்தல்

நான்கு அளவுகள் போதும். கில்ட் பேண்ட்டைப் போல இடுப்பெலும்புக்குக் கீழே தொங்குவதல்ல. தொப்புள் மட்டத்தில் உட்காரும். அங்கே சுற்றளவு எடுங்கள், இதுதான் இடுப்பு. பிறகு பிட்டத்தின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவு, இதுதான் சீட். சீட் அளவை இறுக்கி எடுக்காதீர்கள்; டேப் தானாகச் சரியாமல் நிற்கும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். அடுத்து இடுப்புக் கோட்டிலிருந்து சீட் கோடு வரை உள்ள தூரம். கடைசியாக இடுப்புக் கோட்டிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை நீளம்.

இந்த நீளத்தை எடுக்கும்போது அணியப்போகிறவர் நேராகப் பார்க்க வேண்டும். குனிந்து டேப்பைப் பார்த்தாலே ஓர் அங்குலம் மாறிவிடும். தைத்து முடித்த பிறகு சரிபார்க்க ஒரு பழைய முறை உண்டு: முழங்காலிட்டு நிமிர்ந்து நின்றால், கில்ட்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்ளும் உடல்: இடுப்பு 36 அங்குலம், சீட் 42, இரண்டுக்கும் இடையே 8, இடுப்பிலிருந்து முழங்கால் 23. இடுப்புக் கோட்டுக்கு மேலே கில்ட் இன்னும் 2 அங்குலம் ஏறும். எனவே மொத்த உயரம் 25. மேல் விளிம்பிலிருந்து 2ஆவது அங்குலத்தில் இடுப்புக் கோடு, 10ஆவது அங்குலத்தில் சீட் கோடு.

கணக்கு

கில்ட்டின் சுற்றளவில் பாதி முன்பக்கம், பாதி பின்பக்க மடிப்புகள். முன்பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டையான முகப்புகள் வரும்: வெளியே தெரியும் மேல் முகப்பு, அதற்கு அடியில் உள் முகப்பு. நம் உதாரணத்தில் பின்பக்கத்தின் அகலம் சீட்டில் 21 அங்குலம், இடுப்பில் 18. குறைய வேண்டியது 3 அங்குலம்.

இனி அங்குலத்தை விட்டுவிட்டு நூல் கணக்குக்கு வாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 8 நூல். 21 அங்குலம் என்றால் 168 நூல், 18 அங்குலம் என்றால் 144 நூல். 24 மடிப்புகள் வைத்தால், வெளியே தெரியும் முகம் ஒவ்வொன்றும் சீட்டில் 7 நூல், இடுப்பில் 6 நூல். ஒரு மடிப்பு விட்டுக்கொடுப்பது ஒரே ஒரு நூல். அதையும் ஒரு பக்கத்திலிருந்து எடுக்காமல் இடப்பக்கம் அரை நூல், வலப்பக்கம் அரை நூல் என்று எடுக்கிறோம். அப்போதுதான் முகத்தின் நடு இழை நேராக இறங்கும்.

உங்கள் அளவுக்கு இதையே போடுங்கள். சீட்டின் பாதியை நூலாக்கி 24ஆல் வகுத்தால் கீழ் முகம்; இடுப்பின் பாதியை அப்படியே வகுத்தால் மேல் முகம். இடுப்பு 30, சீட் 36 உள்ளவருக்கு அது 6 நூலும் 5 நூலும். எண் சரியாக வகுபடவில்லை என்றால் மடிப்புகளின் எண்ணிக்கையை 22 அல்லது 26 ஆக்கிப் பாருங்கள். கீழ் முகம் 5 நூலுக்குக் குறைந்தால் மெஷினில் தைப்பது கடினம். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் பின்பக்கம் பலகை அடுக்கியது போலாகிவிடும். ஒரு மடிப்பு 2 நூலுக்கு மேல் ஒடுங்க வேண்டியிருந்தால், அதிகப்படியை முகப்புகளின் பக்க வளைவுக்குத் தள்ளிவிடுங்கள். வயிறு பெருத்து, இடுப்பும் சீட்டும் ஒன்றாக இருப்பவருக்கு ஒடுக்கமே தேவையில்லை. மடிப்புகளை நேராகவே தைக்க வேண்டும். அதை வலிந்து ஒடுக்கினால் கட்ட முடியாது.

ஒவ்வொரு மடிப்புக்கும் 5 அங்குலத் துணி ஒதுக்குகிறோம். 7 நூல் வெளியே தெரியும். மீதி 4 அங்குலம் 1 நூல் உள்ளே மறையும். 24 மடிப்புகளுக்கு 120 அங்குலம். முகப்பு ஒவ்வொன்றும் சீட்டில் 21. மேல் முகப்புக்கும் முதல் மடிப்புக்கும் இடையில் ஆழமான ஓர் உள்மடிப்பு, அதற்கு 6. இரு முனைகளிலும் மடித்துத் தைக்க 3, 3. கூட்டினால் 174 அங்குலம்.

வெட்டுதலும் குறித்தலும்

துணியை நீளவாக்கில் இரண்டாக, ஒவ்வொன்றும் 27½ அங்குல உயரத்தில் வெட்டுங்கள். 25 கில்ட்டுக்கு, 2 கீழ் விளிம்பு மடிக்க, அரை அங்குலம் பிறகு மேலே சீர்செய்ய. முதல் துண்டை 98½ அங்குல நீளத்தில் வெட்டி, அரை அங்குலம் தையலுக்கு விட்டு அடுத்த துண்டோடு இணையுங்கள். அப்போது இணைப்பு சரியாக 98ஆவது அங்குலத்தில், 14ஆவது மடிப்பின் உள்ளே ஒளிந்துகொள்ளும். இரண்டாவது துண்டில் மிஞ்சுவது இடுப்புப் பட்டிக்கும் சோதனைத் தையலுக்கும்.

கீழ் விளிம்பை இப்போதே மடித்துத் தைத்துவிட வேண்டும், மடிப்புகள் வைத்த பிறகு அல்ல. உண்மையான கில்ட் துணியில் விளிம்பே தைப்பதில்லை. தறியில் வந்த கரையே கீழே இருக்கும்படி அமைப்பார்கள். உங்கள் துணியின் கரை எழுத்து, துளை எதுவும் இல்லாமல் சுத்தமாக இருந்தால் நீங்களும் அப்படிச் செய்யலாம். ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டின் கரைகளும் கீழே வந்துவிடும். இல்லையென்றால் 2 அங்குலம் மடித்து, வெளியே தெரியாத கைத்தையல் போடுங்கள்.

துணியை நல்ல பக்கம் மேலே, கீழ் விளிம்பு உங்களைப் பார்த்தபடி விரியுங்கள். இடமிருந்து வலமாக: 0 முதல் 3 வரை ஓரம், 3 முதல் 24 வரை மேல் முகப்பு, 24 முதல் 30 வரை ஆழ்மடிப்பு. பிறகு 33, 38, 43 என்று ஐந்து ஐந்தாக 148 வரை செல்லும் 24 குறிகள். இவை உள்மடிப்புகளின் நடுக்கோடுகள். 150 முதல் 171 வரை உள் முகப்பு, அதற்கப்பால் 3 அங்குல ஓரம். இடுப்புக் கோட்டையும் சீட் கோட்டையும் நீளம் முழுக்க மெல்லிய ஓட்டுத்தையலால் குறியுங்கள். சாக் கோடு கைபட்டு அழிந்துவிடும். இந்த இரண்டு கோடுகளும் கடைசிவரை தேவை.

அளவு அட்டை

தடித்த அட்டையில், அல்லது பழைய எக்ஸ்ரே ஃபிலிமில், 10 அங்குல உயரத்தில் ஓர் அளவு அட்டை வெட்டுங்கள். ஓர் ஓரம் முற்றிலும் நேர். எதிர் ஓரத்தின் தூரம் கீழே 2 அங்குலம் அரை நூல். அங்கிருந்து 8 அங்குலம் மேலே, இடுப்புக் கோட்டில், 2 அங்குலம் 1 நூல். அதற்கு மேல் உள்ள 2 அங்குலத்துக்கு அப்படியே நேராக.

இந்த அரை நூல் வித்தியாசத்தைப் பார்த்து, இதற்கா இவ்வளவு பாடு என்று நினைக்க வேண்டாம். ஒரு தையல் அரை நூல் தள்ளிப் போனால், துணி இரட்டையாக இருப்பதால் ஒரு நூல் போகும். 24 தையல்களில் 24 நூல், அதாவது 3 அங்குலம். நாம் கொடுக்க நினைத்த ஒடுக்கம் முழுவதையும் விழுங்க, அல்லது இரட்டிப்பாக்க, அது போதும். மழுங்கிய சாக்கின் கோடே அரை நூல் தடிமன் இருக்கும். ஆகவே சாக்கைக் கூராகச் சீவிக்கொள்ளுங்கள், கோட்டின் எந்த ஓரத்தில் தைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு கடைசிவரை அதை மாற்றாதீர்கள்.

மிஞ்சிய துணியில் முதலில் மூன்று மடிப்புகள் தைத்துப் பாருங்கள். கனமான துணி மடியும் இடத்தில் தன் தடிமனுக்காகக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும். முகம் 7 நூலுக்குப் பதில் ஆறே முக்கால் வந்தால், அட்டையை அதற்கேற்பச் சீவிவிட்டு மறுபடி தையுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவழிக்கும் ஒரு மணி நேரம் பின்னால் இரண்டு நாள் பிரிப்பதைத் தவிர்க்கும்.

மடிப்புகளைத் தைத்தல்

33ஆவது அங்குலக் குறியில், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி துணியை மடியுங்கள். மடிந்த விளிம்பில் அட்டையின் நேர் ஓரத்தை வைத்து, சீட் கோடும் இடுப்புக் கோடும் அட்டையோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, எதிர் ஓரத்தை வரையுங்கள். இரண்டு அடுக்கிலும் சீட் கோடு ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும்; குண்டூசியைக் குத்தி மறுபக்கம் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். சீட் கோட்டில் தொடங்கி மேல்நோக்கித் தையுங்கள். தொடக்கத்தில் மூன்று நான்கு தையல் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். உட்காரும்போதெல்லாம் இழுவை வருவது அந்தப் புள்ளியில்தான். தையல் சீட் கோட்டுக்குக் கீழே ஓர் இழைகூட இறங்கக் கூடாது.

தைத்ததும் துணியை விரித்து, உள்ளே நிற்கும் உபரித் துணியை இடப்பக்கம் சாய்த்து, விரலால் அழுத்திவிட்டு அடுத்த குறிக்குப் போங்கள். 24ஆவது குறியை மட்டும் இப்போது விட்டுவிடுங்கள், அதைப் பின்னால் கையால் பொருத்துவோம். எல்லா மடிப்புகளும் ஒரே திசையில் சாய வேண்டும்.

ஆறு மடிப்புகளுக்கு ஒருமுறை நிறுத்தி அளந்து பாருங்கள். முதல் தையலிலிருந்து ஆறு முகங்கள் தள்ளி உள்ள தையல் வரை சீட்டில் ஐந்தேகால் அங்குலம், இடுப்பில் நாலரை இருக்க வேண்டும். பன்னிரண்டு முகங்களுக்குப் பத்தரையும் ஒன்பதும். ஒரு நூல் மாறியிருந்தால் அடுத்த ஆறு மடிப்புகளில் அதைப் பரப்பிவிடலாம். இரண்டு நூலுக்கு மேல் என்றால் அந்த ஆறையும் பிரித்துவிடுவதே நல்லது. பிழை முழுவதையும் ஒரே மடிப்பில் தள்ளி ஈடுகட்ட ஆசை வரும், வேண்டாம். வரிசையில் ஒன்று மட்டும் அகலமாகவோ ஒடுக்கமாகவோ இருந்தால் தெருவில் போகிறவர் கண்ணிலும் படும்.

திறமையான கில்ட் தையற்காரர்கள் இதை மெஷினில் செய்வதில்லை. மடிப்பின் விளிம்பை அடுத்த மடிப்பின் மேல் வைத்து, வெளிப்பக்கத்திலிருந்தே, தெரியாத நுண் தையலாகக் கையால் தைப்பார்கள். தைத்தபின் இடுப்பின் கனம் குறைய உள்ளே மறைந்த துணியை வெட்டியும் எடுப்பார்கள். முதல் கில்ட்டில் நீங்கள் வெட்டாதீர்கள். 5 அங்குல மடிப்பில் கனம் தாங்கக்கூடியதுதான். நாளை உடம்பு பெருத்தால் பிரித்து விரிக்கவும் துணி இருக்கும்.

முகப்புகள்

மேல் முகப்பு சீட்டில் 21, இடுப்பில் 18. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் குறைய வேண்டும். மடிப்புகளில் நேர்கோடாக ஒடுக்கினோம், இங்கே மென்மையான வளைவாக வரையுங்கள். சீட் கோட்டுக்குக் கீழே, விளிம்பை அடையும்போது இரு பக்கமும் ஓர் அங்குலம் வெளியே சரியட்டும். நடக்கும்போது முகப்பு கால்களுக்கு இடையே சுருங்காமல் இருக்க இது தேவை.

அணிபவரின் இடப்பக்க வளைவை, அதாவது முதல் மடிப்புக்கு அருகில் உள்ளதை, கோட்டிலேயே உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, முதல் மடிப்பின் தொடக்கத்தில் படிய வைத்து, இடுப்பிலிருந்து சீட் கோடு வரை கைத்தையலால் இணையுங்கள். முதல் மடிப்பு தன் பங்கான அரை நூலை இந்தப் பக்கத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். உள் முகப்பிலும் அதே வளைவு. அங்கே 24ஆவது மடிப்பின் விளிம்பு அதன் மேல் வந்து படியும். அந்தக் கடைசி மடிப்பை மட்டும் மெஷினில் தைக்காமல் இப்படிக் கையால் பொருத்துங்கள்.

வெளி முனைகளை உள்ளே மடித்துத் தைத்தால் போதும். கம்பளித் துணியில் மேல் முகப்பின், அணிபவருக்கு வலது பக்கம் வரும் ஓரத்துக்குக் குஞ்சம் வைப்பார்கள். ஓரத்துக்கு இணையாக ஓடும் நூல்களை உருவி முக்கால் அங்குலக் குஞ்சம் விட்ட ஒரு பட்டையை ஓரத்தில் சேர்த்துத் தைத்தால் நன்றாக இருக்கும். டிரில்லில் அது சில துவைப்பிலேயே பிசிறிவிடும்.

இஸ்திரி

சீட் கோட்டுக்குக் கீழே மடிப்புகள் இன்னும் சுதந்திரமாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் விளிம்பையும் தைத்த கோட்டின் நேர் தொடர்ச்சியாக, துணியின் இழை வழியே, கீழ் விளிம்பு வரை மடித்து வையுங்கள். கீழேயும் முகம் 7 நூல்தான். அகலமான ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றையும் சரிபார்த்து, எல்லா மடிப்புகளையும் சேர்த்துப் பெரிய ஓட்டுத்தையல் இரண்டு வரிசை போடுங்கள்: தொடை மட்டத்தில் ஒன்று, கீழ் விளிம்பிலிருந்து 2 அங்குலம் மேலே ஒன்று. பிறகு ஈரமான காட்டன் துணியை விரித்து அழுத்தி இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் போட்டபின் முழுதாக ஆறும் வரை அசைக்காதீர்கள். சூட்டோடு தூக்கினால் மடிப்பு விரிந்துவிடும். ஓட்டுத்தையல் கில்ட் முழுமையடையும் வரை அப்படியே இருக்கட்டும்.

கேன்வாஸ், பட்டி, பக்கிள்

பக்கிள்களின் இழுவை மடிப்புத் தையல்களின் மேல் விழக் கூடாது. விழுந்தால் ஆறே மாதத்தில் ஒடுக்கம் எல்லாம் இளகிவிடும். இழுவையைத் தாங்கத்தான் கேன்வாஸ். 4 அங்குல அகலத்தில், இரண்டு முகப்பும் மடிப்புகளும் 18 வீதம் சேர்ந்த இடுப்பின் முழு நீளமான 54 அங்குலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, உட்பக்கம் மேல் விளிம்பையொட்டி வைத்து, உள்மடிப்புகளோடு மட்டும் சேர்த்துக் கைத்தையல் போடுங்கள். சீட் கோட்டுக்குச் சற்று மேலே, உள்மடிப்புகளின் முதுகை மட்டும் பிடித்தபடி, இன்னொரு வரிசைக் கைத்தையலும் ஓட்டுங்கள். வெளியே ஊசி தெரியக் கூடாது. தொங்கும் மடிப்புகளின் எடையைத் தாங்குவது இந்த வரிசைதான்; இல்லாவிட்டால் உள்பக்கம் சரிந்து கீழே எட்டிப்பார்க்கும்.

மேல் விளிம்பை நேராகச் சீர்செய்யுங்கள். மிஞ்சிய துணியில் 4 அங்குலப் பட்டைகள் வெட்டி 55 அங்குலத்துக்கு இணைத்து, நல்ல பக்கத்தில் மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே தைத்து, மேலே திருப்பி உள்ளே மடக்கினால் இடுப்புப் பட்டி. உட்புறம் சீட் கோடு வரை லைனிங். அதன் மேல் ஓரத்தைப் பட்டிக்குள் செருகித் தையுங்கள், கீழ் ஓரத்தை மடித்துத் தைத்துத் தளர்வாக விடுங்கள்.

அணியும்போது உள் முகப்பு முதலில் உடலைச் சுற்றி இடது இடுப்புக்கு வரும். மரபான கில்ட்டில் அதன் தோல் பட்டை ஒரு காஜாத் துளை வழியே வெளியே வந்து இடது பக்கிளில் மாட்டும். வீட்டுக் கில்ட்டுக்கு உட்பக்கம் ஒரு பெரிய பட்டனும் காஜாவும் போதும். இறுக்கம் மாற்ற இரண்டு பட்டன்கள் தைத்துக்கொள்ளலாம். மேல் முகப்பு அதன் மேல் வந்து வலது இடுப்பில் இரண்டு பக்கிள்களால் மூடும். மேல் பட்டை இடுப்புக் கோட்டில், கீழ்ப் பட்டை சீட் கோட்டுக்குச் சற்று மேலே. தோல் பட்டைகள் முகப்பின் ஓரத்தில், பக்கிள்கள் மடிப்புகளின் பக்கம். மேல் பக்கிளின் தையல் கேன்வாஸ் வரை ஊடுருவ வேண்டும்; கீழ்ப் பக்கிளுக்குப் பின்னால் தனியாக ஒரு துண்டுக் கேன்வாஸ் வையுங்கள். அணிந்து பார்த்து, குறித்து, அதற்குப் பிறகே தையுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது

நேராக நின்றால் மடிப்புகள் மூடியிருக்க வேண்டும். சீட்டிலேயே பிளந்து நின்றால் சீட் அளவு இறுக்கமாகிவிட்டது. கீழ் பக்கிளைத் தளர்த்துங்கள், போதவில்லை என்றால் முகப்பின் பக்கத் தையலைப் பிரித்து அகலமாக்குங்கள். சீட்டில் மூடியிருந்து கீழே மட்டும் விசிறிபோல் விரிந்தால், ஒடுக்கத் தையல் சீட் கோட்டைத் தாண்டி இறங்கியிருக்கும், அல்லது இஸ்திரியில் விளிம்பு இழையை விட்டு விலகியிருக்கும். இடுப்புக்குக் கீழே குறுக்குச் சுருக்கம் விழுந்தால் கில்ட் உட்கார வேண்டிய இடத்துக்குக் கீழே இறங்கி நிற்கிறது. தொப்புள் மட்டத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால், விளிம்பைத் தொடாமல், மேல் பட்டியைப் பிரித்துப் பின்பக்கத்தை ஏற்றித் தைக்க வேண்டும். எந்தத் திருத்தமும் மேலேதான்.

டார்ட்டன் துணிக்குப் போகும்போது

கட்டம் போட்ட டார்ட்டனில் ஒரு மடிப்புக்கு 5 அங்குலம் என்று நாம் முடிவு செய்ய முடியாது. துணிதான் முடிவு செய்யும். கட்டக் கோலம் ஒருமுறை முழுதாகச் சுற்றி மீண்டும் தொடங்கும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அது 6 அங்குலம் என்று வைப்போம். எல்லா மடிப்பு முகங்களிலும் ஒரே கோடு தெரிய வேண்டுமானால், ஒரு மடிப்பின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் சரியாக 6 அங்குலம். ராணுவப் படைப்பிரிவுகள் விரும்பிய முறை இது. 1994 வரை இருந்த கார்டன் ஹைலேண்டர்ஸ் பிரிவின் கில்ட்டில் மஞ்சள் கோடு ஒவ்வொரு மடிப்பிலும் வந்து நின்றது. மாறாக, மடித்த பின்னும் பின்பக்கத்தில் கட்டக் கோலம் முன்பக்கத்தைப் போலவே தொடர வேண்டுமானால், ஒவ்வொரு மடிப்பும் கோலத்தில் ஒரு முக அகலம் முன்னேற வேண்டும்: 6 அங்குலத்தோடு 7 நூல். 24 மடிப்புகளுக்கு முதல் முறையில் 144 அங்குலம், இரண்டாவதில் 165. துணி வாங்கும் முன்பே இதை முடிவு செய்யுங்கள்.

இரண்டு பக்கமும் அரை அரை நூலாக ஒடுக்கியதன் பலனை டார்ட்டனில்தான் முழுமையாகக் காணலாம். கோடு முகத்தின் நடுவில் இருக்க, இரு புறமும் சமமாக ஒடுங்கும். ஒரே பக்கம் பிடித்திருந்தால் அந்தக் கோடு இடுப்பை நோக்கிச் சாய்ந்துகொண்டே போகும்.

எந்த டார்ட்டன் என்று தயங்குபவர்களுக்கு: பிளாக் வாட்ச் எனப்படும் கரும்பச்சை-நீலக் கட்டம் குலத் தொடர்பு பாராமல் பலரும் அணிவது. வடிவங்களைப் பார்வையிட 2009 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேடு இருக்கிறது. துணி வாங்கும்போது கீழ்க்கரை சுத்தமாக நெய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்பு எளிது. கம்பளி என்றால் துவைக்காமல் காற்றாடப் போட்டு, பிரஷ் செய்து, அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் துடையுங்கள். டிரில்லைத் துவைக்கும் முன் மடிப்புகளை மறுபடி ஓட்டுத்தையலால் பிடித்துவிட்டால் இஸ்திரி நேரம் பாதியாகும். முகப்பில் கில்ட் ஊசி (அலங்கார ஊக்கு) குத்துவதானால் மேல் முகப்பில் மட்டும் குத்துங்கள். உள் முகப்போடு சேர்த்துக் குத்தினால், முதல்முறை உட்கார்ந்து எழும்போதே துணி கிழியும்.